கரடியைப் பற்றி இப்போது கேட்காதீர்கள்

கேள்வி:

அக்காவுக்கு வணக்கம். கோத்தகிரி பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் மூன்று வருடமாக கவுன்சலராக இருக்கிறேன். வயது 29. எம்.எஸ்சி. சைக்காலஜி, அஞ்சல் வழியில் முடித்தது. போன மாதம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனை டீச்சர் என்னிடம் கூட்டிவந்தார். வீட்டு வாசலில் அவன் கண்ணெதிரே அப்பாவைக் கரடி தாக்கியிருக்கிறது. அப்பா பிழைத்துவிட்டார், முகத்தில் தையல். அன்றிலிருந்து பள்ளியில் மணி அடித்தால் பையன் மரம் மாதிரி நின்றுவிடுகிறான். கூப்பிட்டாலும் காதில் விழுவதில்லை. மனதில் இருப்பதைக் கொட்டிவிட்டால் சரியாகும் என்று நினைத்து, 'என்ன நடந்தது, முதல்ல இருந்து சொல்லுப்பா' என்றேன். பாதியிலேயே உடம்பெல்லாம் சில்லிட்டு வாந்தி எடுத்துவிட்டான். இப்போது என் அறைப் பக்கமே வருவதில்லை. பேச்சு மட்டும் போதாது, உடம்பு வழியாகச் செய்கிற சிகிச்சை ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். கொடைக்கானலில் ஐந்து நாள் தங்கிப் படித்தால் 'டிராமா ஹீலர்' என்று சான்றிதழ் தருகிறார்களாம், 38,000 ரூபாய். சேரலாமா? நீங்கள் எப்படி இந்த வழிக்கு வந்தீர்கள்? அந்தப் பையனை நான் கெடுத்துவிட்டேனா?

— பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ராத்திரி உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பையனை நீங்கள் கெடுத்துவிடவில்லை. 'இதுக்கு மேல முடியாது' என்று அவன் உடம்பு பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட்டது, நீங்களும் நிறுத்திவிட்டீர்கள். எனக்கு அவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை. அதே தப்பை நான் ஒரு கல்யாண மண்டபம் நிறைய ஆட்களிடம் செய்தேன்.

2009 நவம்பர் மழையின்போது நீங்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பீர்கள். கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி என்று பார்த்த இடமெல்லாம் மண் சரிந்து, மாவட்டத்தில் 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நான் அப்போது கோவையில் ஒரு மருத்துவமனையில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். சொந்த ஊர் குன்னூர். ரோடு திறந்ததும் முகாமுக்கு ஓடிவந்தேன். கையில் இரண்டு பக்க ஜெராக்ஸ். ஆட்களை வட்டமாக உட்காரவைத்து, என்ன பார்த்தீர்கள், என்ன நினைத்தீர்கள், எப்படி இருந்தது என்று வரிசையாகச் சொல்லவைக்கும் முறை அது. 'டிப்ரீஃபிங்' என்பார்கள். அமெரிக்காவில் தீயணைப்பு வீரர்கள், ஆம்புலன்ஸ்காரர்கள் போன்றவர்களுக்காக 1983இல் எழுதப்பட்டது. வீட்டையும் ஆளையும் மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்களிடம் அதை நடத்தலாமா என்று நான் யோசிக்கவே இல்லை.

அறுபது வயது கொத்தனார் ஒருவர் இருந்தார். மருமகளைத் தேடி வெறுங்கையால் மண்ணைத் தோண்டியதைச் சொன்னார். சொல்லும்போது குரல் ஏறவில்லை, கண் கலங்கவில்லை. வலது கை விரல்கள் மட்டும் வேட்டிக்கு மேலே முழங்காலைச் சுரண்டிக்கொண்டே இருந்தன. விடாமல், ஒரே வேகத்தில். அவர் சொன்ன வார்த்தைகளையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டேன். விரலைப் பார்த்தேன், எழுதவில்லை. இரண்டு நாள் கழித்து அவர் மனைவி வந்து சொன்னார்: "நல்லாத்தான் இருந்தாரும்மா. நீங்க பேச வெச்சதுல இருந்து பாயில உக்காந்தே இருக்காரு, படுக்க மாட்டேங்குறாரு."

இந்த முறை பிற்பாடு வரும் பாதிப்பைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம் என்று, பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2002லேயே சொல்லியிருக்கிறது. ஏழு வருடப் பழைய செய்தி. நான் முகாமை முடித்துவிட்டுப் போய்தான் படித்தேன். 2011இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டிலும், நடந்ததைச் சொல்லச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதே, சாப்பாடு, போர்வை, சொந்தக்காரர்கள் எங்கே என்ற தகவல் இதையெல்லாம் முதலில் கவனி என்றுதான் இருக்கிறது. இது தெரிந்தும் 2024 ஜூலையில் வயநாட்டில் மலை சரிந்தபோது, பிழைத்தவர்கள் வாயில் மைக்கை நீட்டி 'அந்த நேரம் உங்க மனசுல என்ன ஓடுச்சு' என்று கேட்டார்கள். டிவியை அணைத்துவிட்டேன்.

அந்தக் கொத்தனாரின் விரல்தான் என்னை இந்த வழிக்கு இழுத்துவந்தது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் அதற்கு அப்புறம் ஆறு வருடம் நான் வழக்கமான வேலையைத்தான் செய்தேன். அதிர்ச்சிக்கான சிந்தனை-நடத்தை சிகிச்சை, அதாவது பயத்தைப் பிடித்துவைத்திருக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசிப் பேசி மாற்றுவது. அது நல்ல சிகிச்சை, இன்றும் செய்கிறேன். ஆனால் ஒரு இடத்தில் முட்டிக்கொண்டே இருந்தேன்.

உங்களுக்கும் இது பழக்கமாக இருக்கும். நம் ஆட்கள் 'எனக்குப் பதற்ற நோய்' என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. 'நெஞ்சு அடைக்குது.' 'வயித்துல புளியைக் கரைக்குது.' 'ஈரக்குலையே நடுங்கிப் போச்சு.' 'கை கால் வெலவெலத்துப் போகுது.' 'தொண்டையில என்னமோ நிக்குது, முழுங்கவும் முடியல துப்பவும் முடியல.' மனதைச் சொல்லத் தெரியாதவர்கள் உடம்பைச் சொல்வார்கள் என்று கல்லூரியில் கற்றுக்கொடுத்தார்கள், கொஞ்சம் இளக்காரமாகவே. அதனால் நான் வருடக்கணக்கில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். 'அப்படின்னா உங்களுக்குப் பயமா இருக்குன்னு சொல்றீங்க, இல்லையா?' படித்த பொண்ணு சொல்கிறாள் என்று மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். அடுத்த வாரம் மறுபடி நெஞ்சு அடைக்கும்.

இப்போது மொழிபெயர்ப்பதில்லை. புளியைக் கரைக்கிறது என்றால் எந்த இடத்தில்? இப்போதும் கரைக்கிறதா? பேசப் பேசக் கூடுகிறதா, குறைகிறதா? கரைக்காத இடம் உடம்பில் எங்கேயாவது இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கத் தெரிந்துகொள்ளத்தான் எனக்கு மூன்று வருடப் பயிற்சி தேவைப்பட்டது.

அந்தப் பயிற்சிக்கு வளையலை அடகு வைத்துப் போனேன். பெங்களூரில் வருடத்துக்குச் சில தடவை, ஒவ்வொரு தடவையும் சில நாட்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிய சாயங்காலமாகிவிடும். பந்திப்பூரில் இரவு 9 மணிக்கு கேட் போட்டுவிடுவார்கள் என்பதால் திங்கள் விடியற்காலை கிளம்பி மதியத்துக்கு மேல்தான் வேலைக்கு வருவேன், சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். பீட்டர் லெவின் என்ற அமெரிக்கர் 1970களில் இருந்து வளர்த்தெடுத்த, உடம்பின் உணர்வுகளைக் கவனித்துச் செய்யும் 'சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங்' முறை அது. வகுப்பில் பாதி நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் இருப்போம். மூச்சு எங்கே நிற்கிறது, கழுத்து நிறம் எப்போது மாறுகிறது, கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று. முதல் வருடம் எனக்கு எதுவும் தெரியவில்லை. தெரிகிற மாதிரி நடித்தேன்.

நாமே நோயாளி நாற்காலியில் உட்காரவேண்டிய நாளும் உண்டு. என் முறை வந்தபோது பயிற்சியாளர் அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்தக் கைப்பையைக் கீழே வைக்கலாமா?" மடியில் இருந்தது. நான் சிரித்தேன், ஆனால் வைக்கவில்லை. வைக்க முடியவில்லை. நாற்காலியின் நுனியில், பையை இறுக்கிப் பிடித்தபடி, ஏதோ பஸ்ஸைப் பிடிக்கப்போகிற மாதிரி நான் உட்கார்ந்திருப்பது முப்பத்தாறு வயதில் அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. என் பாட்டி சிலோனில் இருந்து வந்தவர், சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் திரும்பியவர்களில் ஒருவர். பாஸ்போர்ட், ரேஷன் கார்டு, இரண்டு சேலை எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டித் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் கடைசிவரை படுத்தார். ராத்திரியில் ஜீப் சத்தம் கேட்டால் அவர் கை மூட்டைக்குப் போகும். அவர் பயம்தான் எனக்கு வந்துவிட்டது என்று சொல்வது இப்போது ஃபேஷன். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன், பக்கத்தில் படுத்து வளர்ந்த பிள்ளைக்கு ஒட்டிக்கொண்ட பழக்கமாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும், பையைக் கீழே வைக்க எனக்கு நாலு அமர்வு ஆனது. ஒருவரிடம் 'சொல்லுங்க' என்று கேட்கும்போது நாம் எவ்வளவு பெரியதைக் கேட்கிறோம் என்று அப்போது எனக்குப் புரிந்தது.

இது புதிதாக முளைத்த துறை இல்லை. பியர் ஜானே என்ற பிரெஞ்சு உளவியலாளர் 1889லேயே, அதிர்ச்சி நினைவாகச் சேராமல் அசைவாகவும் உணர்வாகவும் தங்கிவிடுகிறது என்கிற மாதிரி எழுதினார். பிராய்டின் மாணவர் வில்ஹெல்ம் ரைஷ், அடக்கிய உணர்ச்சி தசையில் கவசம்போல இறுகிக் கிடக்கிறது என்று 1930களில் சொன்னார். அதே ரைஷ்தான் பின்னாளில் பிரபஞ்ச சக்தியைப் பிடித்து அடைக்கிறேன் என்று பெட்டி செய்து கொடுத்து, நீதிமன்றத் தடையை மீறி, 1957இல் அமெரிக்கச் சிறையிலேயே இறந்தார். இதை வேண்டுமென்றேதான் சொல்கிறேன். இந்தப் பரம்பரையில் கூர்மையான கவனிப்பும் பெட்டி வியாபாரமும் ஒரே வீட்டில் பிறந்தவை. கொடைக்கானல் வகுப்பு இதில் எந்தப் பிள்ளை என்று பார்க்கவேண்டியது உங்கள் பொறுப்பு.

சரி, அறைக்குள் என்ன நடக்கிறது? ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் சம்மதத்தோடு, அடையாளங்களை மாற்றி.

பந்தலூர் பக்கம் கொழுந்து பறிக்கிற அம்மா. விடியற்காலையில் வேலைக்குப் போகும் வழியில் யானை. ஓடித் தடுக்கி, தேயிலைக்கு நடுவே தண்ணீர் வடிகிற பள்ளத்தில் விழுந்துவிட்டார். யானை ஓரமாகவே போய்விட்டது. அரை மணி நேரம் அசையாமல் கிடந்தார். இரண்டு வருடமாக வலது கால் மரத்துப்போகிறது. எலும்பு டாக்டர், நரம்பு டாக்டர் எல்லாம் பார்த்தாகிவிட்டது, ஸ்கேனில் ஒன்றும் இல்லை. 'மனசுதான் காரணம்னு அனுப்பிட்டாங்க, நான் என்ன பைத்தியமாம்மா?' என்றுதான் உள்ளே வந்தார்.

யானையைப் பற்றி நான் கேட்கவில்லை. வரும் வழி, பஸ், குளிர் என்று பேசிக்கொண்டிருந்தோம். பஸ் ஸ்டாண்டில் யாரோ பட்டாசு வெடித்ததைச் சொன்னபோது வலது குதிகால் தரையை விட்டு அரை அங்குலம் எழும்பியது. முன்பாதம் மட்டும் ஊன்றி, ஓடத் தயாராக இருக்கிற கால் அது. 'உங்க வலது கால் ஏதோ செய்யுது, தெரியுதா?' என்றேன். குனிந்து பார்த்து, 'அட, ஆமா' என்றார், வேறு யாருடையதோ காலைப் பார்ப்பதுபோல. அந்தக் கால் என்ன செய்ய நினைக்கிறது என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. 'ஓடணும்ங்குது.' உட்கார்ந்தபடியே, மெதுவாக, எறும்பு ஊர்கிற வேகத்தில் இரண்டு காலாலும் தரையைத் தள்ளச் சொன்னேன். இரண்டு தடவை தள்ளினார். தொடை நடுங்க ஆரம்பித்தது. பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

அங்கே நிறுத்தினேன். நடுங்கி முடிக்கட்டும், இன்னும் தள்ளட்டும் என்று என் ஆசை சொன்னது. அந்த ஆசைதான் இந்த வேலையின் பெரிய ஆபத்து. ஜன்னலுக்கு வெளியே பார்க்கச் சொன்னேன். சில்வர் ஓக் மரம், அதில் ஏறியிருந்த மிளகுக் கொடி. 'எங்க லைன்லயும் இப்படித்தான் ஏத்தியிருக்கோம்' என்றார். ஒரு பெரிய கொட்டாவி வந்தது, 'மன்னிச்சிருங்கம்மா' என்று வாயைப் பொத்தினார். எனக்கு அந்தக் கொட்டாவி போதும். டீ குடித்துவிட்டுப் போனார்.

இப்படிப் பதினாலு வாரம். கொஞ்சம் பயத்தின் பக்கம், உடனே நிம்மதியின் பக்கம், தூளி ஆடுகிற மாதிரி. யானைக் கதையை அவர் முழுசாகச் சொன்னது ஒன்பதாவது வாரம், அவராகவே, நடுவில் ஒரு இடத்தில் சிரித்துக்கொண்டு. கால் மரத்துப்போவது பெரும்பாலும் நின்றுவிட்டது. மறுபடி நாலாம் நம்பர் காட்டுக்கு வேலைக்குப் போகிறார், தனியாகப் போவதில்லை. இருட்டினால் பயம் இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும். பந்தலூரில் யானை நிஜமாகவே வருகிறது. அந்த எச்சரிக்கையையும் சேர்த்துத் துடைத்து அனுப்பினால் நான் அவருக்குத் துரோகம் செய்தவள் ஆவேன்.

ஏன் அவசரப்படக்கூடாது என்று விளக்க நான் கல்லட்டி மலைப்பாதையைச் சொல்வேன். ஊட்டியில் இருந்து மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவு. வெளியூர் வண்டிகளை இறங்க விட்ட காலத்தில் அந்த டிரைவர்கள் வேகமாக இறங்கி, முழுக்க பிரேக்கை நம்பி மிதித்துக்கொண்டே வந்தார்கள். பாதியில் பிரேக் சூடாகி, மிதித்தால் பிடிக்காது. நம் ஊர் ஆள் ஏறின கியரிலேயே இறங்குவான், நின்று நின்று வருவான். கத்து, அழு, தலையணையை அடி, எல்லாவற்றையும் இன்றைக்கே வெளியே தள்ளு என்று நடத்துகிற முகாம்கள் முதல் வகை. வேகவேகமாக மூச்சை இழுக்கவைத்து மயக்கம் வரும் நிலைக்குக் கொண்டுபோவதும் உண்டு. வலிப்பு, இதயக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், மனப்பிறழ்வு வந்து தெளிந்தவர்கள் இதில் மாட்டினால் என்ன ஆகும் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஐந்தாம் நாள் கட்டிப்பிடித்து அழுது, போட்டோ எடுத்துக்கொண்டு மலையிறங்குவார்கள். ஆறாம் நாள் ராத்திரி தூக்கம் வராமல் போன் செய்தால் எடுக்க ஆள் இருக்காது. அப்படி வந்த மூன்று பேரை நான் பார்த்திருக்கிறேன்.

ஆதாரம் எவ்வளவு இருக்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள், உங்களிடம் வருகிறவர்களுக்கு அது நீங்கள் தரவேண்டிய கணக்கு. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரை மீனவ கிராமங்களிலேயே உடல்வழிச் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். 150 பேரிடம் நடந்த அந்த வேலை 2008இல் வெளிவந்தது. நிறையப் பேருக்கு முன்னேற்றம் என்றார்கள், ஆனால் சிகிச்சை கொடுக்காத இன்னொரு குழுவோடு ஒப்பிடவில்லை. நாள் போகப்போகத் தானாக ஆறியது எவ்வளவு என்று அதில் பிரித்துச் சொல்ல முடியாது. ஒப்பீட்டோடு இஸ்ரேலில் நடந்த ஆய்வு 2017இல் வந்தது, பலன் இருந்தது, ஆனால் மொத்தமே 63 பேர். உலக சுகாதார நிறுவனம் 2013இல் அதிர்ச்சிக்குப் பிந்தைய பாதிப்புக்குப் பரிந்துரைத்தவற்றில் சிந்தனை-நடத்தை சிகிச்சையும், கண்ணசைவோடு செய்யும் இ.எம்.டி.ஆர். முறையும் இருந்தன, சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங் இல்லை. மூளையில் இருந்து இதயம், வயிறு வரை ஓடும் வேகஸ் நரம்பை வைத்துச் சொல்லப்படும் பாலிவேகல் கோட்பாட்டை இந்த வகுப்புகளில் வேதம் மாதிரி ஒப்பிப்பார்கள். அதில் பல பகுதிகளை உடலியல் அறிஞர்கள் ஏற்கவில்லை. ஆக, உடல்வழி வேலை எனக்குக் கைகொடுக்கிறது என்று என் அனுபவத்தில் சொல்வேன். இதுதான் ஒரே வழி என்று யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

தொடுதல் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லவேண்டும், 'உடம்பு' என்றதும் எல்லோரும் அங்கேதான் வழுக்குகிறார்கள். சில பயிற்சி வகுப்புகளில் தோளில், முதுகில் கை வைத்துச் செய்யக் கற்றுக்கொடுக்கிறார்கள். நான் தொடுவதில்லை. அடிபட்ட உடம்போடு வருகிறவர்களில் பலர் தொட்டவர்களால்தான் அடிபட்டிருக்கிறார்கள். 'வேண்டாம்' என்று பெரியவர்களிடம் சொல்ல நம் பிள்ளைகளுக்கு, அதிலும் பெண் பிள்ளைகளுக்கு, நாம் கற்றுக்கொடுக்கவே இல்லை. நீங்கள் 'தொடட்டுமா' என்றால் 'சரி மிஸ்' என்பார்கள். அந்த 'சரி'யை சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சொந்தக் கையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொள், சுவரைத் தள்ளு, போர்வையைப் போர்த்திக்கொள் — இதிலேயே முக்கால்வாசி வேலை நடந்துவிடுகிறது. பள்ளியில் இருக்கிற உங்களுக்கு இது நூற்றுக்கு நூறு. ஒரு பிள்ளை பாலியல் துன்புறுத்தலைச் சொன்னால் அது உங்கள் அறையோடு முடிகிற விஷயம் இல்லை, 2012 போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆகவேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இனி அந்த 38,000 ரூபாய். போகவேண்டாம். ஐந்து நாளில் உங்கள் உடம்பைப் பற்றி ஒன்றிரண்டு தெரிந்துகொள்ளலாம், மலைக்காற்று வாங்கலாம். அடுத்தவர் அதிர்ச்சியில் கை வைக்க அது தகுதி ஆகாது. 'ஹீலர்' என்ற பட்டத்தைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் ஒவ்வாது, ஆறுவது அவர்கள் வேலை. நிஜமாகவே இந்தப் பக்கம் வர ஆசை என்றால் அடித்தளத்தை முதலில் போடுங்கள். நம் நாட்டில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்ள இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும், அதற்கு அவர்கள் அங்கீகரித்த இடத்தில் முழுநேரமாகப் படித்திருக்க வேண்டும். நான் படித்த எம்.ஃபில். இரண்டு வருடம். இப்போது படிப்புகளின் பெயரும் அமைப்பும் மாறிக்கொண்டிருக்கின்றன, அதனால் பணம் கட்டும் முன் கவுன்சிலின் பட்டியலில் அந்தக் கல்லூரி இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஏஜென்ட் சொன்னார் என்று கட்டாதீர்கள். வார்டில் நிஜ நோயாளிகளோடு உட்காரும் அந்தக் காலத்தில்தான் எது அதிர்ச்சி, எது வலிப்பு, எது தைராய்டு, எது மனச்சிதைவின் தொடக்கம் என்று பிரித்துப் பார்க்கும் கண் வரும். உடல்வழிப் பயிற்சி அதற்கு மேல் ஏற்றுகிற மாடி.

வீட்டுச் சூழ்நிலையில் அது முடியாது என்றால் அதிலும் குறைச்சல் ஒன்றும் இல்லை. அந்த 38,000இல் ஒரு பகுதியை எடுத்து, அனுபவமுள்ள ஒருவரிடம் மாதம் ஒருமுறை உங்கள் கேஸ்களைக் கொண்டுபோய்ப் பேசுங்கள். சூப்பர்விஷன் என்பது அதுதான். இன்னொரு பகுதியில் நீங்களே யாரிடமாவது நாலைந்து அமர்வு உட்காருங்கள். உங்கள் பை எங்கே இருக்கிறது என்று தெரியட்டும்.

கடைசியாகப் பையன். மணி அடித்தால் உறைந்து நிற்கிறான், கூப்பிட்டால் கேட்பதில்லை என்கிறீர்கள். இதை முதலில் டாக்டர் பார்க்கவேண்டும். சில வகை வலிப்பு அப்படியே இருக்கும், கை கால் இழுக்காது. மாவட்ட மனநலத் திட்டக் குழு எந்த நாளில் உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு வருகிறது என்று விசாரித்து, அப்பா அம்மாவோடு அனுப்புங்கள். அவசரமாக யாரிடமாவது கேட்கவேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

வீட்டில் இன்னும் கரடி வருகிறதா என்று கேளுங்கள். எண்ணெய் வாசனைக்கும் பழத்துக்கும் குப்பைக்கும் அது திரும்பத் திரும்ப வரும் என்று உங்களுக்கே தெரியும். வாசலில் லைட் எரிகிறதா, கழிப்பறை வீட்டுக்கு வெளியிலா, வனத்துறையில் சொன்னார்களா? இவையும் சிகிச்சைதான். ஆபத்து வாசலிலேயே நிற்கும்போது 'பயப்படாதே, எல்லாம் முடிந்துவிட்டது' என்று அவன் உடம்புக்குச் சொன்னால் அது நம்பாது. நம்பவும் கூடாது.

அப்புறம் அந்த மணி. அன்று கரடியை விரட்ட யாராவது தட்டை, தகரத்தைத் தட்டினார்களா என்று அவன் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அவனிடம் கேட்காதீர்கள். கரடியைப் பற்றி இப்போதைக்கு அவனிடம் எதுவுமே கேட்கவேண்டாம். அவன் உங்கள் அறைக்கு வரவில்லை என்றால் நீங்கள் மைதானத்துக்குப் போங்கள். 'அன்னைக்கு நான் அவசரப்பட்டுக் கேட்டுட்டேன்பா, அது என் தப்பு, இனிமே நீயா சொன்னாத்தான்' என்று ஒரு வரி. பதிலை எதிர்பார்த்து நிற்காதீர்கள். வகுப்பில் அவனைச் சுவரை ஒட்டி, கதவு தெரிகிற இடத்தில் உட்காரவைக்கச் சொல்லுங்கள். மணி அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது பக்கத்துப் பையன் ஒரு சைகை காட்டட்டும். மணி அடித்ததும் இரண்டு காலையும் பெஞ்சுக்கு அடியில் ஊன்றி அழுத்திக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொடுங்கள், வேறு யாருக்கும் தெரியாது.

இரண்டு மூன்று வாரம் இது சரியாகப் போனால், டாக்டரும் சரி என்றால், பியூனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவனிடம் கேளுங்கள்: 'மத்தியான மணியை நீ அடிக்கிறியா?' வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அடிக்கிறேன் என்றால் எத்தனை அடி, எவ்வளவு சத்தம் என்பதை அவனே முடிவு செய்யட்டும். நீங்கள் கொஞ்சம் தள்ளி நின்று அவன் காலை மட்டும் பாருங்கள். என்ன பார்த்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா